காற்றுப் படாத இடம்

கிளேட்டன், மெல்பேர்ண்
24 மே 1976

அன்புள்ள மச்சான் கதிர்காமநாதன்,

இங்கே நானும் உன் அக்கா யோகாவும் பிள்ளைகளும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. தீபாவளிக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலையேறியவன் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. சுகமில்லாவிட்டால்தானே எழுதுவாய்.

விஷயம் இதுதான். யூன் மாதம் மகாராணியின் பிறந்தநாள் லீவுக்கு நாங்கள் பனி பார்க்க வருகிறோம். நாங்கள் என்றால் ஒரு பஸ் நிறைய. கிளேட்டனிலும் டண்டினோங்கிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நரசிம்மன் என்ற மதராஸ்காரரும் குடும்பத்தோடு வருகிறார். இந்த நாட்டுக்கு வந்து வருஷக் கணக்காகியும் பனியைக் கலண்டரில் மட்டுமே பார்த்தவர்கள். அந்த வீக்கெண்டுதான் பனிக்காலத்தைத் தொடக்கி வைக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறது.

என் மனைவியின் தம்பிதான் அங்கே வீதித் திணைக்களத்தில் இஞ்சினியர், மலைப் பாதையே அவன் கையில்தான் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். என் மானம் உன் கையில். பிள்ளைகள் சறுக்கி விளையாட நல்ல சரிவு ஒன்று பார்த்து வை. சமைப்பதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். மண்ணெண்ணெய் அடுப்பு, சட்டி, பானை, எல்லாம் பஸ்ஸில் வருகிறது. எங்களோடு வருகிற பவளம் அன்ரி பாண் துண்டை மத்தியானச் சாப்பாடாக ஏற்றுக்கொள்ள மாட்டா. சுடச்சுடச் சோறும் கோழிக்கறியும் பனியில் இருந்து சாப்பிடப் போகிறோம்.

இப்படிக்கு,
உன் அத்தான் சிறிதரன்


மலை டிப்போ
30 மே 1976

அன்புள்ள அத்தான்,

வர வேண்டாம்.

இதை எப்படி நாகரிகமாக எழுதுவது என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நாகரிகமாக எழுதினால் நீங்கள் வருவீர்கள். ஆகவே இப்படியே இருக்கட்டும்.

காரணம் சொல்கிறேன். மே நடுவில் முதல் பனி விழுந்தது. அதன் மேல் மழை பெய்தது. அடுத்த இரவு குளிரில் அந்த ஈரமெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. இனி விழப்போகிற பனி அந்தக் கண்ணாடியின் மேல்தான் இருக்கப் போகிறது. எங்கள் வீட்டு விறாந்தையில் சிவப்புச் சிமெந்தை மினுக்கி வைத்திருப்பார்களே, அதன் மேல் பாயை விரித்து ஒருவன் ஓடிவந்து குதித்தால் பாய் என்ன செய்யும்? அதுதான். பனிக்காலத்தின் நடுவில் எல்லாம் அழுந்தி ஒன்றோடொன்று பிடித்துவிடும். தொடக்கத்தில் பிடிமானமே இல்லை. ஆனால் சனம் தொடக்கத்தில்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறது.

பாதையில் ஓரிடம் இருக்கிறது. மேலே மலையின் முதுகு, கீழே பாதை. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று பனியை வாரி வந்து முதுகின் மறுபக்கத்தில், பாதைக்கு நேர் மேலே, தாழ்வாரம் போலக் கட்டித் தொங்கவிடும். அது எப்போது உடையும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீக்கெண்டுக்குள் பனியும் காற்றும் சேர்ந்து வந்தால் நான் பாதையைப் பூட்டுவேன். ஓகஸ்டில் வாருங்கள். நானே நல்ல சரிவு காட்டுகிறேன்.

அக்காவிடம் அவள் பின்னித் தந்த ஸ்வெட்டரை ஒவ்வொரு நாளும் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

கதிர்


கிளேட்டன்
4 யூன் 1976

மச்சான்,

உன் கடிதத்தை வாசித்து யோகா சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. ஓகஸ்டில் எனக்குச் சோதனைத் தாள் திருத்துகிற வேலை. பஸ் பேசியாயிற்று. பிள்ளைகள் கையுறையைப் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். இதற்கு மேல் நான் போய் "மச்சான் பாய் சறுக்கும் என்கிறான், பயணம் இல்லை" என்று சொன்னால் என்னை யார் மதிப்பார்கள்?

இந்த நாட்டு வெள்ளைக்காரர் ஆயிரக்கணக்கில் அன்றைக்கு அங்கே போகிறார்கள். அவர்களுக்கு உயிர் மேல் ஆசை இல்லையா? பனியே விழாத சாவகச்சேரியில் பிறந்தவனுக்கா பனியைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரியும்? சிறுவயதிலும் நீ இப்படித்தான் என்று உன் அக்கா சொல்கிறாள். கீரிமலையில் எல்லோரும் கேணிக்குள் குதிக்க, நீ மட்டும் படியில் இருந்து ஆழம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருப்பாயாம்.

சனிக்கிழமை பகல் வந்து சேர்வோம். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்திரு.

சிறிதரன்


கிளேட்டன்
15 யூன் 1976

கதிர்காமநாதனுக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை.

விடியமுன் எழும்பி, பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளேயே சத்தி எடுக்க எடுக்க அத்தனை தூரம் பஸ் ஓடி வந்தால், மலையடியில் பாதைக்குக் குறுக்கே மரக்கட்டை. அதற்குப் பக்கத்தில் செம்மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பது யார்? என் மச்சான். நான் இறங்கி வந்து "டேய், எங்கட பஸ்ஸை மட்டும் விடு, மெல்லமாப் போட்டு வாறம்" என்று கெஞ்சினேன். கெஞ்சினேன், நினைவிருக்கிறதா? நீ என்ன சொன்னாய்? "அத்தான், உங்களை விட்டா மற்ற ஆக்களுக்கு என்ன சொல்றது?" அவ்வளவுதான். பஸ்ஸுக்குள் ஏறி அக்காவுக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? பின்னால் வரிசையில் நின்ற கார்களைத் திருப்பப் போய்விட்டாய். யோகா யன்னலில் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆற்றங்கரையில் மழைத் தூற்றலில் சமைத்தோம். அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. சோறு அரை வேக்காடு. பவளம் அன்ரி ஒரு வாய் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தா. அவ கோப்பையைத் தள்ளி வைப்பது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நரசிம்மன்தான் சிரித்துக்கொண்டு, "சார், உங்க மச்சினர் ரொம்ப ஸ்டிரிக்ட்டு போலிருக்கே. சொந்தக்காரங்களைத்தான் முதல்ல நிறுத்துறாரு" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. மெல்பேர்ண் வந்து சேரும்வரை நான் முன் சீட்டில் தலையைத் திருப்பவேயில்லை.

திங்கட்கிழமை பேப்பர் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். ஏதாவது விழுந்ததா? ஒன்றும் விழவில்லை. விழுந்தது என் மரியாதை மட்டும்தான்.

சிறிதரன்


மலை டிப்போ
22 யூன் 1976

அத்தானுக்கு,

ஆம், ஒன்றும் விழவில்லை. இதை நீங்கள் எழுதித்தான் நான் அறிய வேண்டும் என்றில்லை. இங்கே காலையில் கண் விழித்தால் யாராவது ஒருவர் வந்து சொல்கிறார்.

லொட்ஜ்காரர் எல்லோரும் சேர்ந்து மெல்பேர்ண் தலைமையகத்துக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள். வருஷத்தின் முதல் வியாபாரத்தை நான் கெடுத்துவிட்டேனாம். பாருக்குப் போனால் ஒருவன் பனிச்சரிவு வந்துவிட்டது போல மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு "அவலாஞ்ச்! அவலாஞ்ச்!" என்று கத்துகிறான். வெயில் நாட்டுக்காரனைப் பனிக்குக் காவல் வைத்தால் இப்படித்தான் என்று என் காது கேட்கவே சொல்கிறார்கள். அதைத்தான் நீங்களும் தமிழில் எழுதியிருந்தீர்கள். நான் பனியைப் படித்தது நான்கு பனிக்காலம், மண்வெட்டியால் குழி வெட்டி, குழிக்குள் முழங்காலில் இருந்து. சாவகச்சேரியில் படிக்கவில்லை.

என் மேலதிகாரி பிரையன் போனில் கேட்டான்: "என்ன ஆதாரத்தில் பூட்டினாய்?" வெட்டிய குழியில் மேல்தட்டை மண்வெட்டியால் தட்டினேன், அது அப்படியே வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது என்றேன். "மலை விழுந்ததா?" என்றான். இல்லை என்றேன். "அப்படியானால் இனிமேல் ஏதாவது விழுந்த பிறகு பூட்டு" என்றான். விழுந்த பிறகு பூட்டுவதற்கு நான் எதற்கு? ஆனால் சரி என்று போனை வைத்துவிட்டேன். என் ஒப்பந்தம் இந்த யூலையோடு முடிகிறது. புதுப்பிப்பதா இல்லையா என்று அவன்தான் எழுத வேண்டும்.

விழாத ஒன்றை நான் எப்படி நிரூபிப்பது? பஸ்ஸை விட்டிருந்தால் அது விழுந்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. இப்போது குழி வெட்டும்போது கையில் வருவதை நம்புவதா, நீங்கள் எல்லோரும் சொல்வதை நம்புவதா என்று யோசிக்கிறேன். முன்பு இப்படி யோசித்ததில்லை.

அக்கா யன்னலில் தட்டியது எனக்குக் கேட்டது. திரும்பியிருந்தால் கட்டையைத் தூக்கியிருப்பேன்.

கதிர்


கிளேட்டன்
28 யூன் 1976

மச்சான்,

உன் கடிதத்தை யோகா பறித்து வாசித்துவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியது, "அவனைப் போய்ப் பாக்க வேணும்" என்று.

சரி, பஸ்ஸும் வேண்டாம், ஊர்க்கூட்டமும் வேண்டாம். யூலை 10ம் திகதி, சனிக்கிழமை, இரண்டே இரண்டு கார். ஒன்றில் நானும் யோகாவும், மற்றதில் நரசிம்மனும் மனைவியும். பிள்ளைகளைப் பவளம் அன்ரியிடம் விடுகிறோம். உனக்கு ஒடியல் கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு மாவும் யோகா எடுத்து வைத்திருக்கிறாள்.

எனக்கு விளக்கம் ஒன்றும் எழுதாதே. பாய், சிமெந்து, தாழ்வாரம், எதுவும் வேண்டாம். பாதை திறந்திருக்குமா, இல்லையா? அதை மட்டும் எழுது.

சிறிதரன்


மலை டிப்போ
5 யூலை 1976

அன்புள்ள அத்தான்,

பாதை திறந்திருக்கும். வாருங்கள்.

விளக்கம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் எழுதவில்லை. பகல் முழுக்க எனக்கு மேற்பக்கத்தில் வேலை. பின்னேரம் நான்கு மணிக்கு டிப்போவில் இருப்பேன். நேரே அங்கே வாருங்கள்.

கதிர்


ஆஸ்பத்திரி, மலையடி
18 யூலை 1976

கதிர்காமநாதன்,

யோகாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அவள் நித்திரை. ஊசி போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு நடந்ததை நீ மற்றவர்கள் வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். ஒரு மணியிருக்கும். பசி. காற்று காரின் கதவைப் பிடுங்குகிறது. எங்கே நிறுத்தினாலும் நெருப்புக்குச்சி நிற்காது என்று தெரிந்தது. ஒரு வளைவு திரும்பினோம், காற்று அப்படியே ஓய்ந்துவிட்டது. பாதையோரத்தில் ஒரு பள்ளம். மேலே பனிமேடு, அரிசிமா போல வெள்ளை. யோகாதான் சொன்னாள், "இஞ்ச நிப்பாட்டுங்கோ. காத்தே இல்லை. சோறு வடிவா வேகும்." நரசிம்மனின் மனைவிக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது. பாய் விரித்தார்கள். யோகா அடுப்பை மூட்டினாள். நானும் நரசிம்மனும் காரிலிருந்து தண்ணீர்க்கானை எடுக்கப் போனோம், நரசிம்மனின் மனைவியும் கோப்பைகளை எடுக்க எங்களுக்குப் பின்னால் வந்தா.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மெத்தையில் ஆள் விழுந்தது போல ஒன்று. திரும்பிப் பார்த்தால் பாயும் இல்லை, அடுப்பும் இல்லை, அவளும் இல்லை.

சாப்பாட்டுக் கோப்பையாலும் பானை மூடியாலும் தோண்டினோம். எங்கே தோண்டுவது என்று தெரியாமல் தோண்டினோம். நான் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேனாம். நரசிம்மன்தான் பனியில் முகத்தை வைத்து மோந்து பார்த்து, "சார், இங்கே! கெரசின் வாசனை வருது!" என்றார். மண்ணெண்ணெய் கவிழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அவள் கிடந்தாள். முகம் நீலம். அவள் முதல் மூச்சு எடுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தொடை எலும்பும் இடுப்பு எலும்பும் உடைந்திருக்கின்றன. வியாழக்கிழமை ஆபரேஷன். நடப்பாளா என்று கேட்டால் டொக்டர் "பார்ப்போம்" என்கிறார்.

இப்போது நீ சொல். உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் முதல் கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியது என்ன? தெரியும் என்றால் "பாதை திறந்திருக்கும், வாருங்கள்" என்று எந்தக் கையால் எழுதினாய்? விளக்கம் வேண்டாம் என்று நான் எழுதினேன்தான். ஆயிரம் எழுதுவேன். நான் வாயாடி என்று உனக்குத் தெரியாதா? நீ பூட்டியிருந்தால் நான் உன்னை ஏசியிருப்பேன். மெல்பேர்ண் வரைக்கும் ஏசிக்கொண்டே போயிருப்பேன், யோகா பக்கத்தில் இருந்து "அவனை ஏசாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பாள்.

அன்றைக்கு அவளை வெளியே எடுத்த பிறகு, செய்தி கேட்டு நீ மண்வெட்டியோடு ஓடி வந்தபோது கிட்ட வராதே என்று கத்தியது நான்தான். ஆஸ்பத்திரிப் பக்கம் வராதே என்றதும் நான்தான். அதற்காக ஒரு கிழமையாக வராமலே இருப்பதா? அவள் கண் விழிக்கிற நேரமெல்லாம் "தம்பி வந்தவனோ?" என்றுதான் கேட்கிறாள். வருவான், வருவான் என்று எத்தனை தரம் சொல்வது?

வியாழக்கிழமை காலையில் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோக முன் நீ இங்கே நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வருவதென்றால் வராதே. இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

சிறிதரன்


மலை டிப்போ
21 யூலை 1976, புதன்கிழமை

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. உடனே லீவு சொன்னேன். இன்று காலை இறங்குவதாக உடுப்பும் அடுக்கினேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தெரியும். 5ம் திகதி காலையிலும் குழி வெட்டினேன். மே மாதத்துக் கண்ணாடி இன்னும் அடியில் அப்படியே இருந்தது, மேல்தட்டு பழையபடி வழுக்கியது. ஆனால் முன்பு இதே போல வழுக்கியபோது ஒன்றும் விழவில்லையே என்று நினைத்தேன். பிரையனின் குரல், பாரில் கத்தியவனின் குரல், உங்கள் குரல், எல்லாம் சேர்ந்து எனக்குள் ஒரு கணக்குப் போட்டன. இரண்டு கார். அந்த இடத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் விழுமா? விழாது. வாருங்கள் என்று எழுதினேன்.

கடந்து போவீர்கள் என்றுதான் கணக்குப் போட்டேன். இறங்கி உலை வைப்பீர்கள் என்று போடவில்லை. அத்தான், இங்கே வருகிற ஒருவனும் அந்தப் பள்ளத்தில் இறங்குவதில்லை. அவர்கள் காருக்குள் இருந்து பாணைக் கடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுப்பு மூட்டக் காற்றுப் படாத இடம் தேடுவது எங்கள் சனம் மட்டும்தான். மலையின் முதுகு காற்றை மறைக்கிற இடத்தில்தான் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும், அந்தப் பனிதான் உடைந்து விழும். அக்கா சோறு என்றால் சோறுதான், அவள் எங்கே நிறுத்தச் சொல்வாள் என்பதை இந்த மலை முழுவதிலும் முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். பிரையனால் முடியாது. உங்களாலும் முடியாது. நான் அதை நினைக்கவே இல்லை. இதற்குமேல் என்னிடம் விளக்கம் இல்லை.

உடுப்பு அடுக்கியதை எழுதினேன். நேற்றுப் பின்னேரம் மேற்குக் காற்றுத் தொடங்கியது. இன்று காலை தாழ்வாரம் பழையபடி கட்டியிருக்கிறது, முந்தியதைவிடப் பெரிதாக. குழி வெட்டினேன். தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. கால் வைத்ததும் எனக்கு முன்னால் விரிசல் ஓடியது. பதினொரு மணிக்குப் பாதையைப் பூட்டினேன். டிப்போவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கவும் அந்தப் பாதை ஒன்றுதான். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. பிரையன் வயர்லெஸில் வந்து, அந்த ஒன்று விழுந்தாயிற்றே, இனி என்ன என்று கேட்டான். ஒப்பந்தத்தைப் பற்றியும் சொன்னான். சரி என்றேன்.

பனி தள்ளும் மெஷின் ஓட்டுகிற கென் நல்லவன். என் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டான். "நான் முன்னால் போகிறேன், நீ ஜீப்பில் பின்னால் வா. ஒரு நிமிடம்தானே. அக்காவுக்காக என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றான். ஜீப்பில் ஏறிக்கூட இருந்துவிட்டேன் அத்தான். சாவியையும் திருப்பிவிட்டேன். அதே ஒரு நிமிடம். விழவும் மாட்டாது, நூற்றுக்குத் தொண்ணூறு தரம் விழாது. பிறகு இறங்கிவிட்டேன்.

தொலைபேசிக் கம்பி காற்றில் அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லும்படி வயர்லெஸில் கேட்டேன், சொன்னார்களோ தெரியாது. இந்தக் கடிதம் கீழே வரும்போது வியாழக்கிழமை போயிருக்கும். நீங்கள் வாசலைப் பார்த்துப் பார்த்து என்னை ஏசி முடித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வராதே என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் எனக்கு விளங்குகிறது.

அக்கா கண் விழித்துக் கேட்டால் எனக்காக ஒரு சாட்டும் சொல்ல வேண்டாம். பாதை பூட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். யார் பூட்டியது என்று அவளுக்கு விளங்கும்.

கதிர்